பல் டாக்டர் அப்பாவை எழுதி வைப்பது: வாசகர் கேள்வி பதில்

பல் மருத்துவராக வாழ்ந்து மறைந்த அப்பா, கணவர், தாத்தா பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எழுத்து, பேச்சு, புகைப்படம் பற்றிய கேள்விகளுக்கு நினைவு மலர் தொகுப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். கிளினிக் பற்றிய கேள்விகளுக்குப் பல் மருத்துவர்கள் பதில் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்பா 40 ஆண்டுகளுக்கு மேல் பல் மருத்துவராக இருந்தார். நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். உட்கார்ந்தால் ‘அன்பானவர், எளிமையானவர், சிரித்த முகம்’ என்பதற்கு மேல் ஒரு வரி ஓடமாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர் கையிலிருந்து தொடங்குங்கள். ‘அன்பானவர்’ என்ற சொல் எல்லா அப்பாக்களுக்கும் பொருந்தும். அதைப் படிக்கிறவர் மனதில் உங்கள் அப்பாவின் முகம் வராது.

கிளினிக்கில் அவரோடு இருந்த உதவியாளரிடம் போய், மரத்துப்போகும் ஊசியை அவர் எப்படிப் போடுவார் என்று கேளுங்கள். அந்த மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குழாயில் 1.8 மில்லிலிட்டரோ 2.2 மில்லிலிட்டரோ இருக்கும். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் என்ற நிதானத்தில் ஏற்ற வேண்டும் என்பது பாடம். வேகமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் திசு சட்டென்று விரிந்து வலிக்கும். ஊசி குத்தியதால் வலித்தது என்று நோயாளி நினைப்பார். பல நேரம் அந்த வலி அவசரத்தால் வந்தது. வெளியே ஆட்கள் காத்திருக்கும்போதும் ஒரு குழாய்க்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியவர் உங்கள் அப்பா என்று தெரியவந்தால், அதை அப்படியே எழுதுங்கள்: ‘எத்தனை பேர் காத்திருந்தாலும் ஊசி உள்ளே போக இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். அதுவரை தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பார்.’ இந்த இரண்டு வரிக்குப் பிறகு அன்பானவர் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்தது வீடு. பழைய தலைமுறைப் பல் டாக்டர் வீட்டுக்கு வந்தால் சட்டையில் கிராம்பு மணக்கும். தற்காலிக அடைப்புக்குத் துத்தநாக ஆக்சைடு பொடியையும் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினாலையும் குழைப்பதால் வரும் மணம் அது. உங்கள் அம்மாவுக்கு அது நிச்சயம் நினைவிருக்கும். மேல்வரிசைப் பற்களில் வேலை பார்க்கும்போது வாய்க்குள் வைத்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிம்பத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டவேண்டும். கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். சாயங்காலம் அவர் எந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், யார் தைலம் தேய்த்துவிட்டார்கள் என்று விசாரியுங்கள். பல் வலிக்கு இன்னொரு குணம் உண்டு. படுத்ததும் தலைக்கு ரத்த அழுத்தம் கூடி வலி அதிகமாகும். அதனால் பல் டாக்டர் வீட்டு போன் பெரும்பாலும் ராத்திரியில்தான் அடிக்கும். அந்த அழைப்புகளுக்கு அவர் என்ன சொன்னார், எழுந்து போனாரா, அப்போது வீட்டில் யார் விழித்திருந்தார்கள்? இரண்டு பக்கத்துக்கான விஷயம் இங்கேயே கிடைத்துவிடும்.

பேசவேண்டியவர்கள் எட்டுப் பத்துப் பேர் போதும்: அம்மா, உடன்பிறந்தவர்கள், உதவியாளர், பல் செட் செய்து தந்த டெக்னீஷியன், கூடப் படித்தவர், நீண்ட காலம் வந்துபோன இரண்டு மூன்று நோயாளிகள். ஒவ்வொருவரிடமும் 20 நிமிடம் பேசுங்கள். போனில் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் ‘தங்கமான மனுஷர்’ என்ற பதில்தான் வரும். ‘அவர் கோபப்பட்டு நீங்கள் பார்த்தது எப்போது?’, ‘உங்களிடம் அடிக்கடி சொன்ன வாக்கியம் எது?’, ‘கடைசியாக எதைப் பற்றிப் பேசினீர்கள்?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும்.

இரண்டு பக்கம் என்றால் சுமார் 500 சொல். மூன்று காட்சிகளுக்கு மேல் இடம் இல்லை. கிளினிக்கில் ஒன்று, வீட்டில் ஒன்று, இரண்டும் சேருகிற இடத்தில் ஒன்று என்று வையுங்கள். மூன்றாவதற்கு ஒரு யோசனை உண்டு. ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். பெற்றோர் அதைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், சொத்தை பிடித்துவிடும். பல் டாக்டர் தாத்தா அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். பேரப்பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்த அந்த நாளை எழுதினால் டாக்டரும் தாத்தாவும் ஒரே காட்சியில் வந்துவிடுவார்கள்.

பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி, பட்டங்கள், வகித்த பொறுப்புகளை ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டுவிடுங்கள். அவற்றைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தால் அது விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான்.

கேள்வி: தாத்தா 1970களின் தொடக்கத்தில் கிளினிக் திறந்தவர். அந்தக் காலத்துப் பல் வைத்தியம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்படி மலரில் என்ன சேர்க்கலாம்?

பதில்: அவர் கையில் இருந்த பொருள்கள் வழியாகச் சொல்லுங்கள். காற்றால் சுழன்று நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று ஓடும், பல்லைக் குடையும் மெஷினான ஏரோட்டர் 1957-ல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் கயிறு பூட்டிய கப்பிகளில் ஓடிய மெதுவான மெஷின்தான். பல்லில் அதிர்வும் சூடும் அதிகம். 1970களில் பல கிளினிக்குகளில் இரண்டுமே இருந்தன. உங்கள் தாத்தாவிடம் எது இருந்தது என்று பழைய ரசீதிலோ படத்திலோ பார்த்துக்கொண்டு எழுதுங்கள். மரத்துப்போக ஊசியில் போடும் லிடோகெயின் 1943-ல் உருவாக்கப்பட்ட மருந்து, ஆகவே அவர் காலத்தில் அது புதிதல்ல. ஆனால் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, ஊசி முனையைத் தீட்டித் திரும்பப் பயன்படுத்திய நாட்களை அவர் பார்த்திருக்கலாம்.

பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள் என்று ஒன்று உண்டு: 1980களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பல் டாக்டர்கள் கையுறை இல்லாமல்தான் வேலை பார்த்தார்கள். எச்.ஐ.வி. பற்றித் தெரிந்த பிறகுதான் கையுறை எல்லோருக்கும் பழக்கமானது. அதுவரை விரல் நுனிதான் கருவி. எக்ஸ்ரே பிலிமை இருட்டறையில் டெவலப்பர், பிக்ஸர் என்ற திரவங்களில் முக்கி, கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயவைப்பார்கள். வெள்ளி அடைப்புக்குப் பொடியையும் பாதரசத்தையும் சின்ன உரலில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிவார்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘ஊரிலேயே முதல்முறையாக இந்த மெஷின் வாங்கியவர்’ என்று பாசத்தில் எழுதிவிடாதீர்கள். கூட இருந்தவர்கள் மறுத்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். ‘1974-ல் வாங்கினார், ரசீது இருக்கிறது’ என்பது போல் கையில் சான்று இருப்பதை மட்டும் எழுதினாலே மதிப்பு.

கேள்வி: கணவர் போய் மூன்று மாதம் ஆகிறது. கிளினிக் பூட்டியே கிடக்கிறது. எதை நினைவாக வைத்துக்கொள்வது, எதை எப்படி அப்புறப்படுத்துவது என்று தெரியாமல் கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: தனியாகத் திறக்காதீர்கள், அம்மா. அவருக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரையும் பழைய உதவியாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் எதையும் நகர்த்த வேண்டாம். ஒவ்வொரு அலமாரியையும் இழுப்பறையையும் படம் எடுங்கள். அவர் பொருள்களை அடுக்கிவைத்த ஒழுங்கு அவருடையது, ஒருமுறை கலைத்தால் திரும்ப வராது.

உடனே கவனிக்க வேண்டியது பாதரசம். வெள்ளி அடைப்பில் எடைக்குக் கிட்டத்தட்ட பாதி பாதரசம்தான். அந்த அடைப்புக் கலவை வரும் மூடிய கேப்ஸ்யூல்களையும், பழைய பாட்டிலில் பாதரசம் மிஞ்சியிருந்தால் அதையும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வெளியே எழுதி ஒட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். எரிக்கிற குப்பையில் போட்டால் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். கொட்டிவிட்டால் துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம். உருண்டைகள் சிதறும், ஆவி பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, இதைக் கையாளத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கையில் தங்க மோதிரம் இருந்தால் முன்பே கழற்றிவையுங்கள். பாதரசம் பட்டால் தங்கத்தோடு கலந்து நகை வெளுத்துவிடும்.

பிடுங்கிய பற்களை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருப்பார். மாணவர்களுக்குக் கொடுக்கவோ தான் பழகவோ பலரும் இப்படிச் சேர்ப்பது வழக்கம். அவற்றில் வெள்ளி அடைப்பு உள்ள பல் இருந்தால் எரிக்கவும் கூடாது, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் சூடாக்கவும் கூடாது, அதே பாதரசம்தான் காரணம். பல் மருத்துவக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் ஜாடியை அப்படியே கொடுத்துவிடுங்கள், பிரித்துச் சுத்தம் செய்வதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எக்ஸ்ரே மெஷினைப் பற்றித்தான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. அதற்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரம் பாய்ந்து பட்டனை அழுத்தும் நேரத்தில் மட்டும்தான் கதிர் வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி. ஆனாலும் தலைப்பகுதிக்குள் எண்ணெயும் ஈயமும் இருப்பதால் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. பதிவு செய்த கருவி என்றால் உங்கள் நாட்டின் கதிர்ப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதித் தெரிவித்த பிறகு, விற்றவர் மூலமாகவே அகற்றுங்கள். ஈயக் கவச அங்கியும், பிலிம் உறைக்குள் இருக்கும் ஈயத் தகடும் தனியாகச் சேர்க்க வேண்டியவை. கம்ப்ரஸரில் அடைபட்ட காற்றை வெளியேற்றிய பிறகே நகர்த்துங்கள். வாயு சிலிண்டர் இருந்தால் நிரப்பித் தந்தவரிடமே போகட்டும். புட்டிகளில் மிச்சம் உள்ள பிளீச், அமிலம், பல் செட் செய்யும் திரவம் எதையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கொட்டாதீர்கள். அந்தத் திரவம் சீக்கிரம் தீப்பிடிக்கும்.

பலர் மறந்துவிடுவது மருந்துச் சீட்டுப் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும். அவர் பெயரில் யாரும் மருந்து எழுதிவிடாதபடி எல்லாத் தாளையும் கிழித்துவிடுங்கள், நினைவுக்கு ஒரே ஒரு தாளைக் குறுக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பின் ரப்பர் முகத்தை வெட்டிவிட்டால் கைப்பிடி உங்களிடமே இருக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க, அவர் பதிவு செய்திருந்த கவுன்சிலுக்கு இறப்புச் சான்றிதழ் நகலோடு எழுதுங்கள்.

இனி வைத்துக்கொள்ள வேண்டியவை. அவர் அதிகம் பிடித்த வாய்க் கண்ணாடி, ஆய்வு ஊசி, இடுக்கி என்று மூன்று நான்கு கருவி போதும். கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்த பிறகே சட்டத்துக்குள் பொருத்துங்கள். இரும்புக் கருவி ஈரத்தோடு போனால் ஒரே வருடத்தில் துருவேறும். கைப்பிடியில் அவர் விரல் பட்டுப்பட்டுத் தேய்ந்து மழுங்கிய இடம் தெரிந்தால் அதை பாலிஷ் போட்டு அழித்துவிடாதீர்கள். அந்தத் தேய்மானத்துக்காகத்தானே வைத்துக்கொள்கிறீர்கள்.

பிளாஸ்டர் அச்சுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தன் பிள்ளைகளின் வாயை அச்செடுக்காத பல் டாக்டர் அபூர்வம். எட்டு வயது மகனின் பால் பல்லும் புதுப் பல்லும் கலந்த வரிசை அடியில் பெயர் எழுதிக் கிடைத்தால், அது எந்தப் புகைப்படத்துக்கும் குறைந்ததல்ல. பிளாஸ்டர் தண்ணீரில் மெல்லக் கரையும், ஆகவே கழுவாமல் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பஞ்சு வைத்துப் பெட்டியில் வையுங்கள். நோயாளிகளின் அச்சுகள் மருத்துவப் பதிவு, அவை உங்களுடையவை அல்ல.

கேள்வி: சிகிச்சை பாதியில் இருந்த நோயாளிகளுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்களை நினைவு மலரில் போடலாமா?

பதில்: முதல் வாரத்திலேயே செய்யவேண்டியது இது, அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். அப்பாயின்ட்மெண்ட் புத்தகத்தைப் பார்த்து நான்கு வகையினரை முதலில் கூப்பிடுங்கள்: வேர் சிகிச்சை பாதியில் நிற்பவர்கள், கேப்புக்காகப் பல்லைச் செதுக்கித் தற்காலிகக் கேப் போட்டிருப்பவர்கள், தையல் பிரிக்காதவர்கள், பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள். தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும், கசிந்தால் உள்ளே மறுபடி கிருமி சேரும். கம்பி போட்டவர்கள் மாதக்கணக்கில் யாரிடமும் காட்டாமல் இருந்தால் பல் வேண்டாத திசையில் நகரக்கூடும். டெக்னீஷியனிடம் அரைகுறையாக நிற்கும் பல் செட்களின் பட்டியலையும் வாங்குங்கள். பொறுப்பேற்க ஒரு டாக்டர் சம்மதித்தால் அவர் பெயரைச் சொல்லலாம், ஆனால் முடிவு நோயாளியுடையது. கேட்பவர்களுக்குப் பதிவின் நகலும் எக்ஸ்ரேயும் கொடுங்கள். மூலப் பதிவுகளை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் காலம் வரை பூட்டி வைத்துப் பாதுகாக்க வேண்டும், குழந்தைகளின் பதிவுகளுக்கு அந்தக் காலம் கூடுதலாக இருக்கலாம்.

கடிதத்தை, எழுதியவரிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு போடலாம். சிகிச்சைக்கு முன், பின் எடுத்த படங்களை முகம் தெரியாவிட்டாலும் போடாதீர்கள். பல் வரிசையே ஒருவருக்கு அடையாளம்.

கேள்வி: நினைவுக் கூட்டத்தில் மகன் ஐந்து நிமிடம் பேசவேண்டும். முதல் வரியிலேயே உடைந்துவிடுவான் என்று பயப்படுகிறான்.

பதில்: ஐந்து நிமிடத்துக்கு 400 சொல் போதும். பெரிய எழுத்தில், இரட்டை இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள், பக்க எண் போடுங்கள். மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் இடறுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் ‘நிறுத்து, மூச்சு விடு’ என்று எழுதிவிடட்டும். அந்த வரி முதலிலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். நடுவில் இருந்தால் மீண்டு வர இடம் இருக்கும். தொடக்கம் அப்பாவின் ஏதாவது ஒரு பழக்கமாக இருக்கட்டும். தாளின் இன்னொரு பிரதி அக்காவிடமோ மாமாவிடமோ இருந்து, அவர் பக்கத்திலேயே நிற்கட்டும். அழுகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்பாவின் படங்கள் பழைய ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்டுவிட்டன. இழுத்தால் கிழிகின்றன. எப்படி எடுப்பது?

பதில்: அவருடைய மேஜையிலேயே கருவி இருக்கிறது: பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல். மெழுகும் மணமும் சேர்க்காத நூலில் முக்கால் முழம் எடுத்து இரு கை விரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள். படத்தின் ஒரு மூலையில் நூலை நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இடமும் வலமுமாக மெல்ல அசைத்தபடி கீழே கொண்டு வாருங்கள். நூல் ஆல்பத் தாளை ஒட்டியே போகட்டும்; மேலே தூக்கினால் படம் வளைந்து மேற்பூச்சு வெடிக்கும். எங்காவது அசையவில்லை என்றால் எதிர் மூலையிலிருந்து வாருங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டச் சொல்வார்கள். கலர் படத்துக்கு அது ஆபத்து, முடிந்தவரை தவிருங்கள். அப்படியும் வராத படத்தை ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளியாகக் கிடைக்கும், இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. பின்பக்கம் அவர் கையெழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். போனில் இருக்கும் அவர் குரல் செய்திகளை இன்றைக்கே வேறிடத்தில் சேமியுங்கள். போன் மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒரு பிரதி வேறு வீட்டில் என்று வைத்தால் நிம்மதி.

கேள்வி: தாத்தாவின் பழைய நோட்டில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே தேதியும் 36, 75, 11 என்று எண்களும் எழுதியிருக்கின்றன. என்ன அர்த்தம்?

பதில்: அவை பற்களின் எண்கள். வாயை நான்கு கால் பகுதியாகப் பிரிப்பார்கள். முதல் இலக்கம் பகுதியைக் குறிக்கும்: பல்லுக்கு உரியவருக்கு மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4. பால் பல்லானால் அதே வரிசையில் 5, 6, 7, 8. இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. நிரந்தரப் பல்லுக்கு 1 முதல் 8 வரை, பால் பல்லுக்கு 1 முதல் 5 வரை. அப்படியானால் 11 மேல் வலப்பக்க முன்பல். 36 கீழ் இடப்பக்கம் ஆறு வயதில் வரும் அந்த முதல் கடைவாய்ப் பல். 75 அதே பக்கத்தின் கடைசிப் பால் பல்.

எண்களில் 9, 19, 20, 29, 30 ஏதாவது தென்பட்டால் அவர் 1 முதல் 32 வரை தொடர்ந்து எண்ணும் அமெரிக்க முறையில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன இரட்டை இலக்க முறையில் 9-லோ 0-விலோ முடியும் எண்ணே கிடையாது. கூட்டல் குறி போட்டு அதன் மூலையில் 6 என்றோ, பால் பல்லுக்கு ஆங்கில எழுத்தோ இருந்தால் அது இன்னும் பழைய முறை.

முறை எது என்று உறுதியானதும் நோட்டைத் தேதி வரிசையில் படியுங்கள். ஒரு பிள்ளைக்கு முதலில் 71 வரும், ஐந்தாறு வருடம் கழித்து 31-ம் 36-ம். பத்துப் பன்னிரண்டு வயதில் 75 விழுந்து அந்த இடத்தில் 35 வரும். எந்தப் பல்லை எந்தத் தேதியில் பார்த்தார் என்று தெரிந்தால், அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவால் சொல்லமுடியும். அவர் சொல்வதை எண்ணுக்கு எதிரே பென்சிலால் எழுதிவையுங்கள்.